சைரன் அணைக்கப்பட்டது

வந்திருந்தவர்கள்:

கிளைவ் பெதெரிக், பாதுகாப்பு மேலாளர்.
தமாரா விக்தொரொவ்னா, மனிதவளப் பிரிவு.
ஜுமாகதிர் எஷிம்பெகொவ், தொழிலாளர் சங்கம்.
பெக்தெமிர் சோல்தொனொவ், பெல்ட் கட்டுப்பாட்டுப் பேனல் இயக்குபவர்.
இரண்டாம் பிரிவு ஷிஃப்ட் தலைவர்.
சல்கினாய் ஒரொஸொவா, மொழிபெயர்ப்பாளர்.

வராதவர்: அசிரான்குல் தாலிபொவ், மெக்கானிக். மருத்துவமனையில்.

பட்டியலைத் தட்டச்சு செய்தவள் சல்கினாய். ஐந்தாவது வரியில் பெயர் இல்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை. மூன்று வருடமாக அவள் அடித்த எந்தத் தாளிலும் அந்தப் பெயர் கிடையாது.

கூட்டம் வெள்ளிக்கிழமை மதியம், கிர்கிஸ் மலைச் சுரங்க அலுவலகத்தின் பின்பக்கக் கன்டெய்னர் அறையில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே கழிவுக் கல் மலை. அதன் தலையில் செப்டம்பரிலேயே பனி. உள்ளே ஹீட்டர் வாய் பிளந்து அனல் கக்கியது; மேசைக்கடியில் கால்கள் மட்டும் குளிர்ந்தன.

விஷயம் சின்னது. கல்லை நொறுக்கும் இடத்துக்குப் போகும் பெல்ட், ஓடத் தொடங்கும் முன் முப்பது நொடி சைரன் ஊத வேண்டும். அதற்குள் பக்கத்தில் இருப்பவன் விலகிவிட வேண்டும். புதன்கிழமை காலை சைரன் ஊதவில்லை. பெல்ட் ஓடியது. உருளையில் அப்பியிருந்த களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்த அசிரான்குல்லுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று. ஒன்றைத் தேடி எடுத்தார்கள். மற்ற இரண்டும் தாதுவோடு போய்விட்டன.

சைரனை அணைத்தது யார் என்பதுதான் கேள்வி. ஆனால் கம்பெனியின் படிவத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. என்ன நடந்தது, எப்போது, எங்கே, எதனால் என்று நான்கு கட்டங்கள். “நாம ஆளைத் தேடல, காரணத்தைத் தேடுறோம்” என்பது பெதெரிக்கின் பேச்சு. ஒவ்வொரு விசாரணையையும் அவர் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார். நம்பித்தான் சொல்வார்.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அந்த ஆங்கிலத்தை சல்கினாய் பழைய கோப்புகளிலிருந்து கற்றுக்கொண்டாள். சின்ன வினைச்சொல், அதற்குப் பின்னால் ஒரு வால். ‘லுக்’ என்றால் பார்ப்பது, ‘லுக் இன்டூ’ என்றால் விசாரிப்பது. ‘லே’ என்றால் கிடத்துவது, ‘லே ஆஃப்’ என்றால் வேலையை விட்டு அனுப்புவது. தலைநகர் பிஷ்கெக்கில் படித்தபோது இந்த வால்களைப் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டிருந்தாள். ஆனால் அவற்றைச் செயப்பாட்டில் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கல்லூரி சொல்லித்தரவில்லை, கோப்புகள் சொல்லித்தந்தன. எது பாதிக்கப்பட்டதோ அது முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். வினை பின்னால் போகும். வால் வினையை விடாமல் ஒட்டிக்கொண்டே போகும். செய்தவன் மட்டும் வாக்கியத்தைவிட்டு இறங்கிப் போய்விடுவான். விரும்பினால் கடைசியில் ‘பை’ என்று ஒரு சின்னச் சொல்லைப் போட்டு அவனைத் திரும்பக் கூப்பிடலாம். யாரும் கூப்பிடுவதில்லை. ‘புகார் லுக்டு இன்டூ’ என்று வாக்கியம் வாலோடு அந்தரத்தில் நின்றதை முதன்முதலில் பார்த்தபோது, மிச்சம் அடுத்த பக்கத்தில் இருக்கும் என்று நினைத்துத் திருப்பினாள். அங்கே வேறு புகார் இருந்தது.

அவளுக்கு அந்த நடை பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு.

மூன்றாம் வருடம் படிப்பை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். நாரின் பக்கத்துக் கிராமம். புகுந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மாமியார் ஏழு ஆண்களின் பெயர்களை ஒருமுறை சொல்லி, இனி இவை உன் வாயில் வரக் கூடாது என்றாள். மாமனார், அவருடைய தம்பிகள், கணவனின் அண்ணன்மார். ஊரில் பாதி வீடுகளில் இந்த வழக்கம் போய்விட்டது. அந்த வீட்டில் போகவில்லை. பெயர் மட்டுமல்ல, பெயருக்குள் இருக்கும் சொல்லும் ஆகாது. நடு மைத்துனரின் பெயர் தாஷ்தான். தாஷ் என்றால் கல். அதனால் கல்லை அவள் ‘கெட்டியானது’ என்பாள். சுரங்கத்தில் வேலை செய்துகொண்டு கல் என்று சொல்ல முடியாதவள். மூத்த மைத்துனர் ஷார்ஷென்பெக். புதன்கிழமையை வைத்து வந்த பெயர் அது. ஆகவே ஒன்பது வருடமாக அவள் வாரத்தில் செவ்வாய்க்கு அடுத்து ‘செவ்வாய்க்கு மறுநாள்’ வருகிறது.

ஆங்கிலத்தில் கல்லைச் சொல்லலாம், புதனைச் சொல்லலாம். ஆனால் ஆளின் பெயர் எந்த மொழியிலும் அதே பெயர்தான்.

ஷார்ஷென்பெக்தான் இரண்டாம் பிரிவு ஷிஃப்ட் தலைவர். அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் அவரே. அவளுடைய பெயரோடு இருப்பது அவளுடைய அப்பன் வீட்டுப் பெயர். கம்பெனிக்கு உறவு தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும்.

“எப்ப நடந்துச்சுன்னு கேளு” என்றார் பெதெரிக்.

கேட்டாள்.

“புதன் காலையில, எட்டு மணி இருக்கும்” என்றார் பெக்தெமிர். முப்பத்தாறு வயது. மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் வளர்ந்தவர். ரஷ்ய மொழி கடையில் சாமான் வாங்கும் அளவுக்கு, ஆங்கிலம் சுத்தமாக இல்லை.

“செவ்வாய்க்கு மறுநாள் எட்டு மணிக்கா?”

“அதேதான் தங்கச்சி. வியாழனுக்கு முந்தின நாள்.”

சங்கத்து ஜுமாகதிர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஷார்ஷென்பெக்கும் லேசாகச் சிரித்தார். பெதெரிக் காத்திருந்தார்.

“என்ன நடந்துச்சுன்னு அவரு வாயாலயே சொல்லட்டும்.”

பெக்தெமிர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். வைத்தவர் நிறுத்தாமல் பேசினார்.

“ஷிஃப்ட் ஆரம்பிச்சு கொஞ்ச நேரம். ஷார்ஷென்பெக் பைகெ பேனல் ரூமுக்கு வந்தாரு. இதோ உக்காந்திருக்காரு, அவரையே கேளுங்க. முந்தின நாள் மழை, வர்றதெல்லாம் களிமண்ணு. பெல்ட் நின்னு நின்னு போகுது. ஒவ்வொரு தடவையும் ஊளை. ‘இந்த நாயோட வாயை மூடு’ன்னாரு. நான் மாட்டேன்னேன். பைகெ, கீழ ஆளு இருக்கும், வேணாம்னேன். ‘தள்ளு’ன்னாரு. அவரே கையை நீட்டி அணைச்சாரு. அணைச்சிட்டு என் தோள்ல தட்டி, ‘ஏதாச்சும் ஆச்சுன்னா நான் இருக்கேன்’னாரு. இவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல.”

ஷார்ஷென்பெக் ஜன்னலைப் பார்த்தார். கிர்கிஸ் மண்ணில் ஒருவன் தன்னைவிட மூத்தவரை, பைகெ, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவரை, அவர் முகத்துக்கு நேராக, பெயர் சொல்லிக் குற்றம் சொல்வது எப்போதாவது நடப்பது.

சல்கினாய் மொழிபெயர்த்தாள். யோசித்துச் செய்யவில்லை. ஒன்பது வருடப் பழக்கம் வாயில் இருந்தது, மூன்று வருட நடை கையில் இருந்தது.

“ஷிஃப்ட் தொடங்கிச் சற்று நேரத்தில் சைரன் அணைக்கப்பட்டது. ஆட்சேபம் எழுப்பப்பட்டது. அது நிராகரிக்கப்பட்டது.”

ஆங்கிலத்தில் மூன்று வினைகள், மூன்று வால்கள். உறுதிமொழி கொடுத்த தோள்தட்டல் எதிலும் சேரவில்லை.

“சுத்தமா இருக்கு. நன்றி” என்று பெதெரிக் எழுதிக்கொண்டார். “அந்த நேரம் பேனல் யாரு பொறுப்புல?”

“இவரு பொறுப்புல.”

“பயிற்சி முடிச்சவரா?”

“முடிச்சவரு.”

“சைரன் இல்லாம பெல்ட்டை ஓட்டக் கூடாதுன்னு தெரியுமா?”

கேட்டாள். “தெரியும், அதனாலதானே வேணாம்னேன்” என்றார் பெக்தெமிர். “தெரியும்” என்றாள் ஆங்கிலத்தில். அதற்குள் பெதெரிக் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தார்.

ஷிஃப்ட் தலைவரிடம் கேட்பதற்கு அவரிடம் இரண்டு கேள்விகள்தான் இருந்தன. மழைக்குப் பிறகு களிமண் வருவது வழக்கமா. பெல்ட் எத்தனை தடவை நின்றது. ஷார்ஷென்பெக் இரண்டுக்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னார். பதினைந்து வருடம் வெள்ளைக்காரர்களோடு இருந்ததில் இயந்திரங்களின் பெயரும் எண்களும் அவருக்குத் தெரியும். சொன்ன பதில்கள் சரியாகவும் இருந்தன.

பத்து நிமிடம் இடைவேளை. பால் விட்ட உப்புத் தேநீரும் ஒரு தட்டு போர்சோக்கும் வந்தன. பெதெரிக் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஜுமாகதிர் எண்ணெயில் பொரித்த மாவுத்துண்டை வாயில் போட்டுக்கொண்டு சல்கினாய் பக்கம் சாய்ந்தார். “பாத்தியா நம்ம ஆளை? பேரைச் சொல்லி நேரா போட்டான். நாப்பது வருஷ சங்கத்துல நான் இப்படிப் பாத்தது ரெண்டு தடவை. அதுல ஒருத்தன் குடிச்சிருந்தான்.”

“ஆமா, பைகெ.”

“வெள்ளைக்காரன் மூஞ்சியைக் கவனிச்சியா? பக்கத்துலயே குற்றவாளி உக்காந்திருக்கான், பேரும் சொல்லியாச்சு, ஒரு ரோமம் ஆடணுமே! எழுதிட்டே இருக்கான். பயங்கரமான ஆளுங்கப்பா இவங்க. இவங்ககிட்ட சீட்டு ஆடக் கூடாது.”

சல்கினாய் தேநீரைக் கீழே வைத்தாள். பெதெரிக்கின் முகம் ஏன் ஆடவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மேசையின் ஒரு பக்கத்தில் பெயர் சொல்லப்பட்டுவிட்டது. இன்னொரு பக்கம் அது, புரியாத பேச்சோடு பேச்சாகக் கரைந்து, போய்ச் சேரவே இல்லை. நடுவில் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தமாரா விக்தொரொவ்னா மேசையில் இரண்டு உறைகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிர்கிஸ் தெரியாது. பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறாள், கற்றுக்கொள்ளவில்லை.

“இன்னிக்கே முடிச்சுட்டா நல்லது, சல்கினாய். அஞ்சு மணி பஸ்ஸுல அவனைக் கீழ அனுப்பிடலாம்.”

“யாரை?”

“பேனல்காரனை. வேற யாரை?” உறையைத் தட்டினாள். “இது வேலைநீக்கம். இது போலீசுக்கு. விரல் போயிருக்கு, கனமான காயம், மறைக்க முடியாது. மூணு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம்னு வக்கீல் சொல்றாரு.”

“அவரு அணைக்கலையே.”

“அப்படியா?” தமாரா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். “சைரன் அணைஞ்சிருக்கு. பேனல்ல அவன். இந்தத் தாள்ல வேற யாரு பேரு இருக்கு, நீயே காட்டு. பேரு எங்க இருக்கோ அங்கதான் பழி ஒட்டும்மா.”

தாளைக் காட்டினாள். அது சல்கினாய் அடித்த தாள்.

நடைபாதையில் ஷார்ஷென்பெக் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு நின்றார். அகன்ற தோள், நரைத்த மீசை. குடும்ப விருந்துகளில் மூத்தவருக்கான ஆட்டுத் தலை அவர் முன்னால்தான் வைக்கப்படும். அவள் பக்கவாட்டில் ஒதுங்கித் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நல்லா செஞ்சே, கெலின்.” வீட்டுக்கு வந்த பெண்ணைக் கூப்பிடும் சொல் அது. அவர் அவளை வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“நான் ஒண்ணும் செய்யல, பெரியவரே.”

“அதைத்தான் சொல்றேன். ஒண்ணும் செய்யாமலே செஞ்சுட்டே. பத்துப் பேரு படிச்சும் இந்த சாமர்த்தியம் வராது. அம்மாகிட்ட சொல்றேன், சந்தோஷப்படுவா.”

“அவரைப் போலீசுல குடுக்கப் போறாங்களாம்.”

“குடுக்கட்டும். விசாரிப்பாங்க, விடுவாங்க. அதுக்கப்புறம் நான் பாத்துக்கறேன். என் மச்சான் கீழ லாரி ஓட்டறான், அவன்கூட விட்டுடறேன். பெக்தெமிருக்கு என்ன, எந்த வேலையும் செய்வான்.”

“ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“எனக்கு நாலு.” சிகரெட்டைப் பெட்டிக்குள் திருப்பிச் செருகினார். “எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் கெலின். நான் கெட்டவன் இல்ல. களிமண்ணு வந்துச்சு, தலை வலிச்சுது. அவ்வளவுதான். உள்ள போ, கூப்பிடறாங்க.”

அவர் கெட்டவர் இல்லை என்பது உண்மை. அவள் பையனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது இரவோடு இரவாக முன்னூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக் கொண்டுபோனவர் அவர்தான். அதையும் நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனாள். அதை நினைக்காமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

பெதெரிக் படிவத்தைத் திருப்பி பெக்தெமிர் பக்கம் தள்ளினார். மேலே பேனாவை வைத்தார்.

“கையெழுத்துப் போடச் சொல்லு. அவரு சொன்னது சரியா எழுதப்பட்டிருக்குன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம்.”

சொன்னாள். பெக்தெமிர் பேனாவை எடுத்தார். ஆங்கில எழுத்துகளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார், மேய்ச்சல் நிலத்தில் ஆடுகளை எண்ணுகிறவன் பார்க்கிற மாதிரி.

“நான் சொன்னது எல்லாம் இதுல இருக்கா, தங்கச்சி?”

இருக்கிறது என்று சொல்லலாம். சைரன் இருக்கிறது, அவர் வேண்டாம் என்றது இருக்கிறது, அது கேட்கப்படாமல் போனது இருக்கிறது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படியே விட்டால் ஐந்து மணி பஸ், கீழே போலீஸ் ஜீப், அதற்கு மேல் அவளுக்குத் தெரிய வேண்டியதில்லை. மறுத்தால் மாமியார் வீட்டு வாசல். அது எப்படி இருக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் ஓரகத்தி ஒருத்தி ஒருமுறை விருந்தில் வாய்தவறி மாமனார் பெயரைச் சொல்லிவிட்டாள். மாதக்கணக்கில் யாரும் அவள் கையால் தேநீர் வாங்கவில்லை.

“இல்ல” என்றாள். “ஒண்ணு விட்டுப்போச்சு. கையெழுத்துப் போடாதீங்க.”

ஜுமாகதிர் மெல்லுவதை நிறுத்தினார்.

சல்கினாய் ஆங்கிலத்துக்கு மாறினாள். “ஒரு விஷயத்தை நான் சொல்லாம விட்டுட்டேன்.”

“என்ன விஷயம்?”

“அணைச்சது யாருங்கறது.”

பெதெரிக் பொறுமையாகத் தலையசைத்தார். “அது படிவத்துல வராது. நாம ஆளை...”

“தேடல. தெரியும். ஆனா அந்த உறையில ஒரு ஆளு பேரு இருக்கு.”

அவர் தமாராவின் முன்னால் இருந்த உறைகளைப் பார்த்தார். தமாரா அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அவை எப்போது தயாராயின என்பது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. அல்லது தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

“இவரு ஒரு பேரைச் சொன்னாரா?”

“சொன்னாரு. நேருக்கு நேராவே சொன்னாரு.”

“நீ அதை எங்கிட்டச் சொல்லல.”

“சொல்லல.”

பெதெரிக் பேனாவை மூடினார், பிறகு திறந்தார். “சரி. யாரு?”

“ஷிஃப்ட் தலைவர்.”

“மூணு ஷிஃப்ட் தலைவருங்க இருக்காங்க.”

“இங்க உக்காந்திருக்கிறவர்.”

“பேரு வேணும், சல்கினாய். பதிவுக்கு.”

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பயமில்லை. சொல் இருந்த இடத்தில் தோல் மூடியிருந்தது. இருமினாள். ஷார்ஷென்பெக் இப்போது ஜன்னலை விட்டு அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, ஒரு நிச்சயம்தான் இருந்தது. சூரியன் மேற்கே உதிக்காது என்பது மாதிரி.

“ஷார்ஷென்பெக்” என்றாள். தேவைக்கு அதிகமாகச் சத்தம் வந்துவிட்டது.

ஜுமாகதிர் கையிலிருந்த கிண்ணம் மேசையில் இறங்கியது. பெக்தெமிர் தலையைக் குனிந்துகொண்டார், யாரோ உடை களைந்து நிற்பதைத் தவறிப் பார்த்துவிட்ட மாதிரி. அவரும் முக்கால் மணி முன்னால் அதே பெயரைச் சொன்னவர்தான்.

பெதெரிக்குக்கு எதுவும் ஆகவில்லை. பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு கேட்டார்:

“ஸ்பெல்லிங்?”

“என்ன?”

“எழுத்து எழுத்தா சொல்லு. நான் தப்பா எழுதிடுவேன்.”

சொன்னாள். எஸ். எச். ஏ. ஆர். எஸ். எச்.

“மறுபடியுமா?”

“மறுபடியும்.”

ஈ. என். பி. ஈ. கே. பதினொரு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார். முடித்துவிட்டு முழுப் பெயரையும் வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். அதையும் அவள் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

அப்போது ஷார்ஷென்பெக் பேசினார். தன் ஆங்கிலத்திலேயே. “இந்தப் பொம்பள என் தம்பி பொண்டாட்டி. குடும்பம். இவ மொழிபெயர்க்கக் கூடாது. உங்க ரூல்.”

பெதெரிக் மெதுவாகத் திரும்பினார். “உண்மையா?”

“உண்மை” என்றாள்.

“மூணு வருஷமா?”

“ஒன்பது வருஷமா.”

“ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல.”

“யாருக்கெல்லாம் தெரியும்?”

அவள் அதைக் கிர்கிஸில் கேட்டாள். ஜுமாகதிர் கையை உயர்த்தினார். பெக்தெமிரும் உயர்த்தினார். “சமையல்காரனுக்கும் தெரியும்” என்றார் ஜுமாகதிர். தமாராவுக்கு அவள் ரஷ்ய மொழியில் சொன்னாள். தமாரா தோளைக் குலுக்கினாள், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

பெதெரிக் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. படிவத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டார். பெயர் எழுதிய தாள் அவருடைய சொந்த நோட்டில் இருந்தது. அதில் கோடு போடவில்லை. அதைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நான் சொல்றதை எல்லாருக்கும் சொல்லு. கடைசியா ஒரு தடவை. இந்த விசாரணை செல்லாது. செவ்வாய்க்கிழமை பிஷ்கெக்லேர்ந்து வேற மொழிபெயர்ப்பாளர் வருவாரு. எல்லாரும் முதல்லேர்ந்து சொல்லணும். அதுவரைக்கும் இந்த விபத்துக்காக யாரையும் வேலையை விட்டு அனுப்பல, எந்தக் கடிதமும் எங்கயும் போகல. ஷிஃப்ட் தலைவர் பேனல் ரூம் பக்கம் போகக் கூடாது. நீ விலக்கப்பட்டிருக்கே, இன்னிக்கே கீழ போறே.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசி வாக்கியத்தையும்: “இவரு என்னை வேலையை விட்டு எடுத்துட்டாரு.” கிர்கிஸில் அப்படித்தான் வந்தது, எடுத்தவரோடு.

“அப்ப நான்?” என்றார் பெக்தெமிர்.

“செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கீங்க. அன்னிக்கு மறுபடி சொல்லுங்க, இதே மாதிரி. பேரை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க.”

“சொல்றேன்.” பிறகு, “தப்பா எடுத்துக்காத தங்கச்சி, நீ எழுத்து எழுத்தா சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு.”

ஜுமாகதிர் எழுந்து ஷார்ஷென்பெக் தோளைத் தட்டினார். “ஒன்பது வருஷம் கழிச்சுக் கேட்டாலும் உன் பேரு நல்லாத்தான் இருக்குப்பா.”

“வாயை மூடு, கிழவா.”

தமாரா உறைகளைக் கிழிக்கவில்லை. இழுப்பறையில் வைத்தாள். தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

ஷார்ஷென்பெக் அவளைக் கடந்து வெளியே போனார். கெலின் என்றுகூடக் கூப்பிடவில்லை.

தங்கும் அறையில் அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தபோது கணவன் கூப்பிட்டான். செய்தி அவளுக்கு முன்பே மலையிறங்கியிருந்தது.

“அண்ணன் பேரைச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“அவரு முன்னாடியே?”

“ஸ்பெல்லிங்கும் சொன்னேன்.”

மறுமுனையில் நாய் குரைப்பதும், மாமியார் தூரத்தில் ஏதோ சொல்வதும் கேட்டன.

“ஏன் சல்கினாய்? நீ பாட்டுக்கு இருந்திருக்கலாம் இல்ல. நீதான் எதுவும் பண்ணலையே.”

“அந்த ஆளு ஜெயிலுக்குப் போயிருப்பாரு.”

“அந்த ஆளு நமக்கு என்ன வேணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

“அம்மா அழுவறா. நீ இங்க வராத. நேரா உங்கப்பா வீட்டுக்குப் போ.”

“பையன்?”

“பையன் இங்கதான் இருப்பான்.”

“எத்தனை நாளைக்கு?”

“பாக்கலாம்” என்றான். வைத்துவிட்டான்.

போனை அணைத்துப் பையில் போட்டாள். காலுறைகள் ஹீட்டரின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. அரை ஈரமாகவே எடுத்துச் சுருட்டினாள்.

ஐந்து மணி பஸ் சோதனைச் சாவடிக்கு வெளியே எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நின்றது. சாவடிக்காரன் துருஸ்பெக் அவள் பையைத் திறந்து பார்த்தான், வழக்கப்படி. அட்டையைக் கேட்டான். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள். கணினியில் தட்டினான்.

“உன்னை எடுத்துட்டாங்களாமே” என்றான். “பெதெரிக் அனுப்பின மெயில் வந்திருக்கு. ‘மொழிபெயர்ப்பாளர் விலக்கப்பட்டிருக்கிறார்’னு போட்டிருக்கு. என்ன பண்ணே?”

“ஒண்ணும் பண்ணல.”

“எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க.” அட்டையைப் பெட்டிக்குள் போட்டான். “திரும்ப வருவியா?”

“தெரியல.”

“வந்தா குருத் கொண்டா, உங்க ஊரு தயிர்க்கட்டி நல்லாருக்கும். சீக்கிரம் போ, காத்து உள்ள வருது.”

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இரும்புக் கதவைத் தாண்டினாள். துருஸ்பெக் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளேயிருந்து பூட்டினான்.